லாக்கின் ஐந்தாம் அதிகாரத்தைத் தோட்டத்திலிருந்து வாசிப்பது எப்படி?

கேள்வி மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த சுங்கை சிப்புட்டிலிருந்து வந்திருக்கிறது. அங்குள்ள வாசிப்பு வட்டம் ஒன்று, பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக்கின் 'அரசு குறித்த இரு ஆய்வுரைகள்' நூலைப் படிக்கிறது. இரண்டாம் ஆய்வுரையின் ஐந்தாம் அதிகாரத்துக்கு, அதாவது சொத்து பற்றிய அதிகாரத்துக்கு வந்ததும் வட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டதாம். "காட்டைத் திருத்தி உழைத்தவனுக்கே நிலம் என்கிறார் லாக். அப்படிப் பார்த்தால் இந்தத் தோட்டங்கள் நம் பாட்டன் பூட்டனுக்குச் சேர வேண்டியவை" என்கிறது ஒரு கட்சி. "அவர் காலனிக்காரர்களின் வக்கீல். அவரை வைத்து நமக்கு நியாயம் கேட்பது வீண்" என்கிறது மற்ற கட்சி. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இந்த நூலை எப்படி மறுவாசிப்பு செய்வது என்பதுதான் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உழைப்பைக் கலந்தால் சொந்தம் என்ற புகழ்பெற்ற வாதத்தால் தோட்டத் தொழிலாளிக்குப் பெரிய பயன் இல்லை. 27ஆம் பத்தியில் அவன் கையில் கொடுத்ததை 28ஆம் பத்தியிலேயே லாக் பிடுங்கிவிடுகிறார். சொத்துக்கு அவர் விதித்த வரம்புகளில்தான் பயன் இருக்கிறது: வீணடிக்கக்கூடாது, பிறருக்குப் போதிய அளவு மிஞ்ச வேண்டும், வறியவனின் தேவையைக் காட்டி அவனை அடிமையாக்கக்கூடாது. இந்த மூன்றும் நூலில் சிதறிக் கிடக்கின்றன. மூன்றாவது, பலரும் புரட்டாமல் விட்டுவிடும் முதல் ஆய்வுரையில் இருக்கிறது. இரண்டு கட்சிகளும் 27ஆம் பத்தியோடு நின்றுவிட்டதால்தான் சண்டை.

நூலின் பின்னணி சுருக்கமாக. 1689இன் இறுதியில் ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்தது. முகப்பில் 1690 என்று அச்சிட்டார்கள். இங்கிலாந்தின் 1688 புரட்சியை நியாயப்படுத்த எழுதியது என்றே நெடுங்காலம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. பீட்டர் லாஸ்லெட் 1960இல் கொண்டுவந்த பதிப்பில், பெரும்பகுதி அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, 1679-81 வாக்கில் எழுதப்பட்டது என்று காட்டினார். எதிராளி ராபர்ட் ஃபில்மர். கடவுள் உலகத்தை ஆதாமுக்குக் கொடுத்தார், அரசர்கள் அந்தத் தந்தை அதிகாரத்தின் வாரிசுகள் என்பது அவர் கட்சி. பூமி எல்லோருக்கும் பொது என்று சொன்னால் ஒரு மாங்காயைப் பறித்துத் தின்னக்கூட உலகத்தார் அனைவரின் சம்மதமும் வேண்டாமா என்ற இக்கட்டு ஃபில்மரின் எதிராளிகளுக்கு இருந்தது. ஐந்தாம் அதிகாரம் அந்த இக்கட்டுக்கு எழுதிய பதில். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே தீர்ப்புச் சொல்ல அது எழுதப்படவில்லை. இதை மறந்தால் நூலில் இல்லாததை எல்லாம் அதில் தேடுவோம்.

இப்போது 27ஆம் பத்தி. ஒவ்வொருவருக்கும் தம் உடல் சொந்தம். உடலின் உழைப்பும் கையின் வேலையும் சொந்தம். இயற்கை விட்டுவைத்த நிலையிலிருந்து ஒன்றை எடுத்து அதில் உழைப்பைக் கலந்தால் அதுவும் சொந்தம். கடைசியில் ஒரு நிபந்தனை: பிறருக்குப் போதுமான அளவும் அதே தரத்திலும் மிஞ்சியிருக்க வேண்டும். மேடையில் பேசுகிறவர்கள் இந்த நிபந்தனைக்கு முன்னாலேயே நிறுத்திக்கொள்வார்கள்.

அடுத்த பத்தியில் லாக் தரும் உதாரணம் மூன்று பகுதி கொண்டது. பிறரோடு சேர்ந்து எனக்கும் பொது உரிமை உள்ள இடத்தில் என் குதிரை மேய்ந்த புல், என் வேலையாள் வெட்டிய புல்கரண் (புல்லோடு பெயர்த்த மண்கட்டி), நான் தோண்டிய தாது ஆகியவை யாருடைய சம்மதமும் இல்லாமல் என் சொத்தாகின்றன. குதிரைக்கும் எனக்கும் நடுவே வேலையாள் நிற்கிறான். உழைத்தவன் அவன், சொத்து எனக்கு. தோட்டத்து வாசகர் இந்த ஒரு வாக்கியத்தின் மேல் அரை மணி நேரம் உட்கார வேண்டும். அறிஞர்கள் பல ஆண்டுகளாக இதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். கூலி உழைப்பை லாக் இயல்பானதாகவே எடுத்துக்கொண்டார், முதலாளித்துவத்தின் அடித்தளம் இங்கேயே இருக்கிறது என்று சி. பி. மெக்ஃபர்சன் 1962இல் வாதிட்டார். லாக்கின் வேலையாள் ஒரு குறிப்பிட்ட வேலையை முடித்துத் தரச் சம்மதித்தவன், அவனை ஆலைத் தொழிலாளியாகப் பார்ப்பது பிழை என்று ஜேம்ஸ் டல்லி 1980இல் மறுத்தார். வரலாறாகப் பார்த்தால் டல்லியின் எச்சரிக்கை சரியானது. ஆனால் வெட்டியவன் ஒருவன், உடையவன் வேறொருவன் என்ற ஏற்பாட்டை அவர் மறுப்பு அசைக்கவில்லை. அந்த ஏற்பாடுதான் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது.

இதைத் தமிழ் வாசகருக்கு விளக்கப் பட்டினப்பாலை போதும். "காடு கொன்று நாடாக்கி, குளம் தொட்டு வளம் பெருக்கி" என்று கரிகாலனைப் பாடுகிறது அது. காட்டை வெட்டிய கைகளும் குளம் தோண்டிய கைகளும் எத்தனையோ, எழுவாய் ஒருவனே. லாக்கின் 28ஆம் பத்தியிலும் அதே நிலைதான். வட்டத்தில் இரண்டையும் அடுத்தடுத்து உரக்க வாசியுங்கள். விளக்கம் அதிகம் தேவைப்படாது.

அதனால்தான் "எங்கள் பாட்டன் காட்டை அழித்தான், ஆகவே நிலம் எங்களுடையது" என்ற வாதம் லாக்கை வைத்து நிற்பதில்லை. "உன் பாட்டன் கூலி வாங்கிக்கொண்டு வெட்டினான், அவன் வெட்டியது கம்பெனி வெட்டியதாகும்" என்று எதிர்க்கட்சி 28ஐக் காட்டும். அதோடு 45, 50ஆம் பத்திகளையும் காட்டும்: அரசுகள் ஏற்பட்ட பிறகு சொத்தை ஒழுங்குபடுத்துவது சட்டம் என்று லாக்கே அங்கே சொல்கிறார். ஆதி நிலையிலிருந்து நேரே நில அலுவலகக் கவுண்டருக்குத் தாவ அவர் வழி விடவில்லை.

உழைப்பைக் கலப்பது என்றால் என்ன என்ற கேள்வியையும் யாராவது எழுப்புவார்கள். ஒரு டப்பா தக்காளிச் சாற்றைக் கடலில் ஊற்றினால் கடல் எனக்குச் சொந்தமா, என் சாறு வீணானதா என்று ராபர்ட் நோஸிக் 1974இல் கேட்டது பிரபலம். நல்ல கேள்விதான். ஆனால் பால் மரக் காட்டிலிருந்து, அதாவது ரப்பர் தோட்டத்திலிருந்து, வாசிப்பவருக்கு இதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்று இருக்கிறது.

லாக் காட்டும் உழைப்பு பெரும்பாலும் ஒரே தடவை நடப்பது. கருவாலிக்கொட்டையைப் பொறுக்குவது, மானைக் கொல்வது, நிலத்தை வேலி போட்டு அடைப்பது: ஒரு செயல், அதன் பின் உரிமை. தோட்டத்தில் மரம் வெட்டுவது, அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுப்பது, அப்படியா? விடியுமுன் மரத்துக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும் நேரத்தில் உளியை வைக்க வேண்டும். அரைச்சுற்றுக் கோடு, இடமிருந்து வலமாகச் சுமார் 30 பாகை சாய்வு. ஒவ்வொரு வெட்டுக்கும் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை மட்டுமே சீவ வேண்டும். உள்ளே மரத்தை ஒட்டியிருக்கும் வளர்படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். உளி அதைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாக ஆறும். பட்டை மீண்டும் வளர்ந்து அதே பக்கத்துக்குத் திரும்பும்போது அங்கே கோடு ஓடாது. அதாவது ஒருவர் இன்று காலை நிதானமாக வெட்டினாரா என்பது பல ஆண்டுகள் கழித்து அந்த மரம் தரப்போகும் பாலைத் தீர்மானிக்கிறது. சொத்து ஒருநாள் உண்டாகி அப்படியே நிற்பதில்லை. தினமும் அதைக் கெடாமல் காக்கும் கை ஒன்று வேண்டும். லாக்கின் அதிகாரத்தில் உண்டாக்கும் உழைப்புக்கு இடம் உண்டு. காக்கும் உழைப்புக்கு இடம் மிகக் குறைவு. மேற்கத்திய உரைகள் போதிய கவனம் தராத இந்த இடைவெளியை உங்கள் வட்டம் எடுத்துப் பேசலாம். இதற்கு உங்களைவிடத் தகுதியானவர்கள் இல்லை.

அந்த இடத்தை ஓரளவு தொடும் பத்தி 43. ஒரு ரொட்டித் துண்டில் உழவன், அறுத்தவன், போரடித்தவன், ரொட்டி சுட்டவன் பாடு மட்டும் இல்லை. எருதைப் பழக்கியவன், இரும்பும் கல்லும் தோண்டியவன், மரம் வெட்டியவன், கலப்பையும் ஆலையும் அடுப்பும் செய்தவன் உழைப்பும் அதில் சேரும் என்கிறார் லாக். தொடர்ந்து இரும்பு, தோல், சுண்ணாம்பு, தார், கயிறு, கப்பல் பாய்மரம் வரை ஒரு பட்டியல் போட்டு, முழுவதையும் எண்ணி முடிக்க முடியாது என்று நிறுத்துகிறார். இந்தப் பத்தியை ஒரு புகைபோட்ட ரப்பர் ஷீட்டுக்கு எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். தாளில் எழுதினால்தான் பயன். வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும். காடு வெட்டி எரித்தவர், மேட்டில் படி வெட்டியவர், கன்று நட்டவர், முதல் பால் வருவதற்கு முன் ஐந்து முதல் ஏழு ஆண்டு புல் பிடுங்கியவர், நிரை நிரையாக வெட்டியவர், மங்கை (பால் வடியும் கிண்ணத்தை) துடைத்துக் கவிழ்த்தவர், கோட்டிலும் கிண்ணத்திலும் உறைந்துபோன ஒட்டுப்பாலும் கட்டிப்பாலும் பொறுக்கியவர், வாளியைச் சுமந்தவர், ஸ்டோரில் நிறுத்து, பாலில் ரப்பர் எவ்வளவு என்று காட்டும் மெட்ரோலாக் மானியை விட்டுப் பார்த்தவர், ஃபார்மிக் அமிலம் கலந்து உறைய வைத்தவர், உருளையில் கொடுத்து எடுத்தவர், புகைவீட்டில் விறகு தள்ளியவர். பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் வைத்துப் பார்த்துக்கொண்டவரை மறக்க வேண்டாம். அவர் இல்லாவிட்டால் தாய் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) வந்திருக்க முடியாது. பட்டியல் முடிந்ததும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே லாக் கணக்கில் அவருக்கு என்ன சேர்கிறது என்று எழுதுங்கள். கூலி என்ற ஒரே சொல்தான் திரும்பத் திரும்ப வரும். நிலத்தின் மதிப்பில் பத்தில் ஒன்பது பங்கு, நூறில் தொண்ணூற்றொன்பது பங்குகூட உழைப்பால் வந்தது என்று 40ஆம் பத்தியில் அவரே சொல்கிறார். அந்த மதிப்பு யார் கணக்கில் ஏறியது என்ற கேள்வியை அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர் வாசகர்.

அடுத்தது வரம்புகள். கெட்டுப்போகுமுன் பயன்படுத்தக்கூடிய அளவே ஒருவருக்குச் சொந்தம், மிஞ்சியது பிறருக்கு என்கிறது 31ஆம் பத்தி. இந்த வரம்பைப் பணம் எப்படித் தாண்டுகிறது என்பதை 46 முதல் 50 வரை விளக்குகிறார்: பொன்னும் வெள்ளியும் அழுகுவதில்லை, மனிதர்கள் வாய்விட்டுச் சொல்லாமலே அவற்றுக்கு மதிப்புக் கொடுக்கச் சம்மதித்தார்கள், அதனால் ஒருவர் தாம் உண்ணக்கூடியதற்கு மேலும் நிலம் வைத்துக்கொள்ளலாம். புத்தகத்தில் இது வறட்சியாகத் தெரியும். தோட்டத்தில் கண்ணுக்கு நேரே நடக்கும். மங்கில் இறங்கிய பால் மதியம் தாண்டினால் தானாக உறையத் தொடங்கும். அமோனியா விட்டால் கொஞ்சம் தாங்கும். அந்தப் பாலை மட்டும் நம்பி யாரும் ஆயிரம் ஏக்கர் வைத்திருக்க முடியாது. உறைய வைத்து, உருட்டி, புகைபோட்டு ஷீட்டாக்கினால்தான் அது மாதக்கணக்கில் நின்று கப்பலேறி லண்டன் விலைக்குப் போகும். அழியும் பொருளை அழியாத பொருளாக்கும் அந்த வேலைதான் பெருந்தோட்டத்தைச் சாத்தியமாக்கியது. லாக்கின் வாதத்தில் பணம் செய்யும் வேலையைப் புகைவீடு செய்திருக்கிறது என்று நான் வாசிக்கிறேன்.

38ஆம் பத்திக்கு அதிக நேரம் கொடுங்கள். ஒருவர் வேலி போட்டு அடைத்த நிலமானாலும், புல் தரையிலேயே மக்கிப்போனால், நட்டதன் பலன் பறிக்காமல் அழிந்தால், அது தரிசுதான். வேறு யாரும் எடுத்துக்கொள்ளலாம். வேலியால் உரிமை வராது, பயன்பாட்டால்தான் வரும் என்ற இந்த வாதம் மலாய் நாட்டுக்குப் புதிது அன்று. வில்லியம் மேக்ஸ்வெல் என்ற காலனி அதிகாரி 1884இல் எழுதிய கட்டுரையில் மலாய் நில வழக்கத்தைப் பதிவுசெய்தார்: யாருடைய அடையாளமும் இல்லாத காடு 'தானா மாத்தி', செத்த நிலம், அதை வெட்டிப் பயிரிட்டு உயிர் கொடுத்தால் 'தானா ஹிடுப்', உயிருள்ள நிலம். பயிரின் அடையாளமோ பழமரமோ இருக்கும்வரை உழவனின் உரிமை தொடரும். கைவிட்டால் நிலம் மீண்டும் செத்த நிலமாகும். லாக்கைப் படிக்காத உழவர்கள் அவர் கொள்கையைவிடத் தெளிவான வழக்கத்தை வைத்திருந்தார்கள். உழைத்தவனும் உரிமையாளனும் அங்கே ஒருவனே. நடுவில் வேலையாள் இல்லை.

அதன் மேல்தான் நில உரிமைப் பதிவேட்டு முறை வந்து உட்கார்ந்தது. 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்த முறை அது; பதிவேட்டில் பெயர் ஏறியவரே உரிமையாளர். இன்று மலேசியாவின் 1965 தேசிய நிலச் சட்டத்தின் 340ஆம் பிரிவு அந்த உரிமையைக் காக்கிறது. அரசு நிலத்தில் எத்தனை காலம் குடியிருந்தாலும் உரிமை பிறக்காது என்கிறது 48ஆம் பிரிவு. உரிமையாளர் இருக்கும் நிலத்தில் எவ்வளவு காலம் அனுபவித்தாலும், அதை அவர் மீட்க வழக்குப் போடுவதை அந்த அனுபவம் தடுக்காது என்கிறது 341. ஆகவே நீதிமன்றப் படியில் நின்றுகொண்டு "மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிறோம், லாக் சொல்கிறார்" என்றால் எடுபடாது. சட்டம் இன்ன இடத்தில் நிற்கிறது, நியாயம் இன்ன இடத்தில் நிற்கிறது என்று காட்ட லாக் உதவுவார். அரசியலாகப் பேசவும் புதிய சட்டம் கேட்கவும் அது தேவை. கிராண்ட் (நிலப் பட்டா) கேட்டு விண்ணப்பம் போட அது உதவாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு அலைந்து சோர்ந்தவர்கள் பலர்.

இனி இரண்டாவது கட்சியின் வாதம். லாக் காலனிக்காரர்களின் வக்கீல் என்பதற்கு ஆதாரம் உண்டா? நிறையவே உண்டு. அமெரிக்காவில் ஆங்கிலேயக் காலனியாக இருந்த கரோலினாவின் உரிமையாளர்களுக்கு அவர் செயலாளராக இருந்தார். 1669 கரோலினா சாசனத்தை உருவாக்குவதில் அவர் கை இருந்தது. சுதந்திரக் குடிமகன் ஒவ்வொருவனுக்கும் தன் கறுப்பின அடிமைகள் மேல் முழு அதிகாரம் உண்டு என்ற விதி அதில் இருக்கிறது. 1673-74இல் வாணிபத்துக்கும் குடியேற்றங்களுக்குமான அவையின் செயலாளர். 1696 முதல் 1700 வரை வாணிப வாரியத்தின் ஆணையர். ஆப்பிரிக்க அடிமை வாணிபம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் முதலும் போட்டிருந்தார். ஐந்தாம் அதிகாரம் அமெரிக்க மண்ணைப் பறிப்பதற்கான வாதமாகவே அமைந்திருக்கிறது என்று பார்பரா ஆர்னீல் 1996இல் விரிவாக எழுதினார். நூலிலேயே பாருங்கள். 30ஆம் பத்தியில், 'இந்தியன்', அதாவது அமெரிக்கப் பூர்வகுடி, கொன்ற மான் அவனுக்குச் சொந்தம் என்கிறார். அந்த மான் மேய்ந்த காடு? அது எல்லோருக்கும் பொது, அதாவது வந்து உழுகிறவனுக்கு.

இந்த இடத்தில் சுங்கை சிப்புட்காரர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பிளஸ் ஆற்றின் மேல்பகுதியில் பூர்வகுடிகளான தெமியார் மக்கள் இருக்கிறார்கள். மலைநெல்லும் மரவள்ளியும் போட்டு, சில பருவம் கழித்து நிலத்தை ஆற விட்டு வேறு இடம் போய், பிறகு திரும்பி வருவது அவர்கள் வழக்கம். ஆற விட்ட நிலம் வெளியாள் கண்ணுக்குக் காடு. லாக்கின் கண்ணுக்கும் அது தரிசாகவே தெரிந்திருக்கும். "வெறும் காட்டை நாங்கள்தான் திருத்தினோம்" என்று நாம் சொல்லும்போது அந்த வெறும் என்ற சொல்லில் அவர்களை அழிக்கிறோம். கம்பெனி நமக்குச் செய்ததை நம் வாயால் இன்னொருவருக்குச் செய்ய லாக் சுலபமாக வழிகாட்டிவிடுவார். மலேசிய நீதிமன்றங்கள் இதில் லாக்கைத் தாண்டிப் போயிருக்கின்றன. டெங்கில் அருகே புக்கிட் தம்போயில் இன்னொரு பூர்வகுடியான தெமுவான் மக்களின் நிலத்தை விமான நிலையச் சாலைக்கு எடுத்தது தொடர்பான சாகோங் தாசி வழக்கில், வழக்கமாக அனுபவித்துவந்த நிலத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2002இல் உயர்நீதிமன்றமும் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. ஐந்தாம் அதிகாரம் படிக்கும் எவரும் இந்தத் தீர்ப்பைச் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால் லாக்கை மூடி வைத்துவிடலாமா? கூடாது. இன்னும் இரண்டு இடங்கள் இருக்கின்றன.

ஒன்று, இரண்டாம் ஆய்வுரையின் 85. சுதந்திர மனிதன் கூலிக்காகக் குறிப்பிட்ட காலம் தன் சேவையை விற்கிறான். எஜமானனுக்குக் கிடைப்பது தற்காலிக அதிகாரம் மட்டுமே. ஒப்பந்தத்தில் உள்ளதற்கு மேல் இம்மியும் கிடையாது. இதை வைத்துத் தோட்டத்து வரலாற்றை அளந்து பாருங்கள். 1910இல் நிறுத்தப்பட்ட ஒப்பந்தக் கூலி முறையில், வேலையை விட்டு ஓடியவனைக் குற்றவாளியாகக் கருதித் தண்டித்தார்கள். கூலிக்குச் சேவை என்ற பேரம் சிறைக்குப் போகும் பேரமாக மாறினால் அது 85ஐ மீறுகிறது. கங்காணி முறையில் காகிதத்தில் அந்த விலங்கு இல்லை. ஆனால் ஊரிலிருந்து அழைத்து வந்தவரும், முன்பணம் கொடுத்தவரும், வேலைக்கு வந்த தலைக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கியவரும் ஒரே ஆள். சொந்தக்காரராகவும் இருப்பார். இப்படிப்பட்டவரிடம் முடியாது என்று சொல்லும் சுதந்திரம் எவ்வளவு இருந்தது? லாக்கின் சம்மதம் எந்த அளவுக்கு உண்மையான சம்மதம் என்று கேட்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. உலக மந்தம் வந்த 1930களின் தொடக்கத்தில் பல்லாயிரம் பேரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாட்டின் சாலையில் நடந்தாலே அதன் சட்டத்துக்கு மௌனமாகச் சம்மதித்ததாகும் என்ற 119ஆம் பத்தியை இந்த நிகழ்ச்சியோடு வைத்துப் படியுங்கள். சம்மதம் ஒரு பக்கத்தை மட்டும் கட்டியது, மறுபக்கத்தைக் கட்டவில்லை.

இரண்டாவது இடம் முதல் ஆய்வுரையின் 42ஆம் பத்தி. எனக்கு இந்த நூலிலேயே மிக முக்கியமான பத்தி இது. கடவுள் எவருக்கும், தேவைப்படும் சகோதரனின் உரிமையை அடைத்துவிடும் அளவுக்குச் சொத்து கொடுக்கவில்லை. வறியவனுக்கு, உள்ளவனின் மிகுதியில் உரிமை உண்டு என்கிறார். தானம் செய்வது நல்லது என்று புத்தி சொல்வதோடு அவர் நிற்கவில்லை, உரிமை என்றே சொல்கிறார். அதற்கு மேலும் போகிறார்: ஒருவனின் இல்லாமையைப் பயன்படுத்திக்கொண்டு அவனைத் தனக்கு அடிமைப்படுத்துவது, வலுத்தவன் இளைத்தவனின் கழுத்தில் கத்தியை வைத்துச் சாவா அடிமைத்தனமா என்று கேட்பதற்குச் சமம். தோட்டம் விற்கப்படுகிறது, வேலை போகிறது, வேலையோடு கட்டிய லயத்து வீடும் (தொழிலாளர் வரிசை வீடும்) போகிறது. போக்கிடம் இல்லாதவரிடம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். கையெழுத்து இருக்கிறது, ஆகவே சம்மதம் இருக்கிறது என்று சொல்ல 42ஆம் பத்தி இடம் கொடுக்காது. வீட்டுரிமை கேட்கும் தோட்டத் தொழிலாளிக்கு லாக்கிடம் கிடைக்கும் வலுவான வாதம் இதுதான். "நான் வெட்டினேன், ஆகவே என்னுடையது" என்பதைவிட "என் தேவையை விலங்காக்கும் உரிமை உன் சொத்துக்கு இல்லை" என்பது உறுதியாக நிற்கும்.

நடைமுறையில் தொழிலாளர் நிலம் பெற்ற ஒரு வழியையும் இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கிய தரகர்கள் துண்டு துண்டாகக் கூறு போட்டார்கள். பொருளியல் அறிஞர் உங்கு அசீஸ் 1962இல் வெளியிட்ட ஆய்வு அந்தத் துண்டாடலை விரிவாகப் பதிவுசெய்திருக்கிறது. அதற்குப் பதிலாக உங்கள் ஊரில் பிறந்த, அப்போது அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளரைப் பங்கு போடச் சொன்னார். லாக்கின் பாதையில் பார்த்தால் அது உழைப்பால் வந்த உரிமை அன்று. 50ஆம் பத்தியின் வழி, பணத்தால் வாங்கிய உரிமை. ஏற்கனவே உழைப்பால் மதிப்பேற்றிய நிலத்தை, அந்த உழைப்புக்குக் கிடைத்த கூலியில் மிச்சம் பிடித்து மறுபடி விலைக்கு வாங்கினார்கள். இதைச் சாதனை என்று மட்டும் படிப்பவர்களும் உண்டு, அநியாயம் என்று மட்டும் படிப்பவர்களும் உண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை என்றே நான் நினைக்கிறேன்.

வாசிக்கும் முறை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஐந்தாம் அதிகாரம் 25 முதல் 51 வரை, மொத்தம் 27 பத்தி. நான்கு அமர்வு, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம் போதும். முதல் அமர்வில் 25-30, இரண்டாவதில் 31-39, மூன்றாவதில் 40-51. நான்காவதில் 85, 119, முதல் ஆய்வுரையின் 41-43. எந்தப் பதிப்பானாலும் பத்தி எண் பெரும்பாலும் ஒன்றுதான், ஆகவே ஆளுக்கொரு பதிப்பு வைத்திருந்தாலும் தடையில்லை. ஒவ்வொருவரும் ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: உழைப்பவர் யார், சொந்தமாவது யாருக்கு, என்ன நிபந்தனை. ஒவ்வொரு பத்திக்கும் மூன்றையும் நிரப்ப வேண்டும். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் திரும்பப் படியுங்கள்; நிபந்தனை பெரும்பாலும் வாக்கியத்தின் வாலில் ஒளிந்திருக்கும். 37ஆம் பத்தியில், நிலத்தை அடைத்துப் பயிரிடுபவன் மனிதகுலத்தின் பொதுச் சேமிப்பைக் கூட்டுகிறான், குறைப்பதில்லை என்று வருமே, அது முதல் பதிப்பில் இல்லை. லாக் பின்னால் சேர்த்தது. போதுமான அளவு மிஞ்ச வேண்டும் என்ற தம் நிபந்தனை தமக்கே இடைஞ்சலாகிவிட்டதை அவர் உணர்ந்திருந்தார் என்பதற்கு அதை ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம். அடைத்ததால் விளைச்சல் பெருகியது சரி, பெருகியது யார் உலையில் ஏறியது என்று அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

பேச்சு வழக்கமாகத் தடம் புரளும் இடங்கள் இரண்டு. யாராவது மார்க்ஸைக் கொண்டுவருவார்கள். லாக் பேசுவது பொருள் யாருக்குச் சொந்தம் என்பதைப் பற்றி; மார்க்ஸ் கேட்பது மதிப்பு எங்கிருந்து பிறக்கிறது, உபரி யாரிடம் போகிறது என்பது. கலக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், நான்காம் அமர்வுக்குப் பிறகு பேசலாம். இன்னொருவர் "உழுதுண்டு வாழ்வாரே வாழ்வார்" என்பார். குறள் உழவனை உயர்த்துகிறது. நிலம் யாருடையது என்று அந்த அதிகாரம் தீர்ப்பளிக்கவில்லை. "செல்லான் கிழவன் இருப்பின் நிலம்புலந்து" என்ற குறள்தான் லாக்கின் 38க்குப் பக்கத்தில் வருகிறது: போய்ப் பார்க்காத உரிமையாளனோடு நிலம் ஊடுகிறது. ஊடுவதோடு வள்ளுவர் நிறுத்திக்கொள்கிறார், லாக் நிலத்தையே எடுத்துவிடுகிறார். அந்த வேறுபாட்டைப் பேசினால் நல்ல விவாதம் கிடைக்கும்.

நான்காம் அமர்வின் கடைசி அரை மணி நேரத்தில் இரண்டு கோரிக்கைகளை எழுதி மேசையில் வையுங்கள். ஒன்று, மூடப்பட்ட தோட்டத்தின் லயத்தில் குடியிருக்கும் குடும்பம் கேட்கும் வீடு. மற்றொன்று, மேலாற்றுத் தெமியார் கிராமம் கேட்கும் காடு. 27, 28, 38, 85, முதல் ஆய்வுரை 42 ஆகிய ஐந்து பத்திகளையும் இரண்டு கோரிக்கைகளுக்கும் ஒரே அளவுகோலாகப் போட்டுப் பாருங்கள். நமக்கு வேண்டிய இடத்தில் 42, அவர்கள் கேட்கும் இடத்தில் 27 என்று மாற்றிப் பிடிக்க விடாதீர்கள். எந்தப் பத்தியில் வட்டம் தடுமாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நூலை அங்கிருந்து தேர்ந்தெடுக்கலாம்.